மலைநாட்டில் வேன் வண்டியில் இரவு தங்குவது: பாலைவனத்தில் கற்றதும் இங்கே மாற்றிக்கொண்டதும்

அரிசோனாவின் குவார்ட்ஸைட் ஊருக்கு வெளியே, ஒரு ஜனவரி மாலை, என் தங்கையின் கணவர் தம் பழைய வீட்டு வண்டியை நெடுஞ்சாலையிலிருந்து இறக்கி, சரளைக்கல் பரவிய வெட்டவெளியில் நிறுத்தி எஞ்சினை அணைத்தார். வேலி இல்லை, கேட் இல்லை, காவற்காரர் இல்லை. “யாரிடம் கேட்க வேண்டும்?” என்றேன். “யாரிடமும் கேட்க வேண்டியதில்லை மச்சான், இது பொதுக்காணி” என்றார். நான் இலங்கை மலைநாட்டில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், லயம் என்ற தொழிலாளர் வரிசைவீட்டின் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் பிறந்தவன். வாசலில் ஒரு தக்காளிச் செடி வைப்பதற்கும் யாரையாவது கேட்டுப் பழகியவர்கள் நாங்கள். கேட்காமல் ஒரு நிலத்தில் படுத்த அந்த முதல் இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அங்கே பதினொரு இரவுகள் தங்கினோம். ஊர் திரும்பியதும் என் வேனின் பின் இருக்கைகளைக் கழற்றி, அங்கே பார்த்ததை மனதில் வைத்து ஒரு கட்டிலும் இரண்டு பெட்டிகளும் செய்தேன். இருபத்தாறு வருடமாகச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றி இறக்கிய அதே மலைப் பாதைகளில் இப்போது மனைவியோடு மாதத்தில் இரண்டு மூன்று இரவு தங்கி வருகிறேன். மின்கம்பியும் குழாய்த் தண்ணீரும் விடுதிக் கட்டணமும் இல்லாமல் அது எப்படி முடிகிறது என்று பலர் கேட்கிறார்கள். பாலைவனத்தில் கற்றதில் பாதி இங்கே அப்படியே பயன்படுகிறது. மற்றப் பாதியைத் தலைகீழாகத் திருப்ப வேண்டியிருந்தது. அங்கே தண்ணீரை எண்ணினோம். இங்கே நான் வெயிலை எண்ணுகிறேன். அங்கே யாரையும் கேட்கவில்லை. இங்கே கேட்காமல் ஒரு சக்கரத்தையும் ரோட்டிலிருந்து இறக்குவதில்லை.

அங்குள்ள ஒழுங்கு

அமெரிக்காவில் உறவினர் இருந்து, ஒரு குளிர்காலத்தில் அங்கே போகக் கிடைப்பவர்களுக்காக முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். நில முகாமைத்துவப் பணியகம் என்ற அந்நாட்டு மத்திய அரசின் அமைப்பு ஏறக்குறைய 24.5 கோடி ஏக்கர் நிலத்தைப் பார்த்துக்கொள்கிறது. இலங்கை முழுவதையும் அதற்குள் பதினைந்து தடவை வைக்கலாம். அதில் பெரும்பகுதியில், தடை என்று அறிவிப்பு இல்லாத இடத்தில், காசு கொடுக்காமல் தங்கலாம். பொதுவான விதி 28 நாட்களுக்குள் 14 நாட்கள். அதன்பின் வண்டியை எடுத்துக்கொண்டு 25 மைலுக்கு அப்பால் போய்விட வேண்டும். குளிர்காலம் முழுவதும் ஒரே இடத்தில் இருக்க விரும்புகிறவர்களுக்கென்று 1983 முதல் தனி இடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். குவார்ட்ஸைட்டுக்குத் தெற்கே உள்ள லா போசா அப்படிப்பட்ட ஒன்று. செப்டெம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை அங்கே இருக்க, நாங்கள் போன வருடம் 180 டொலர் வாங்கினார்கள். அதற்குத் தண்ணீர்க் குழாயும் கழிவு கொட்டும் இடமும் உண்டு. இலவச இடங்களில் அவை எதுவும் இல்லை. குப்பைத்தொட்டிகூட இல்லை, கொண்டுபோனதை எல்லாம் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

வேறு யாரோ ஏற்கெனவே நிறுத்தித் தேய்ந்துபோன வெற்று நிலத்திலேயே நிறுத்துங்கள். பாலைவனச் செடி ஒன்று சக்கரத்தில் நசுங்கினால் மறுபடி வளர எத்தனையோ வருடம் பிடிக்கும். மணல் படிந்த வறண்ட ஓடைக்குள் மட்டும் இறங்கவே வேண்டாம். தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்கும்போதே, பல மைலுக்கு அப்பால் பெய்த மழை அந்த ஓடையில் வெள்ளமாக வந்துவிடும். எங்கள் தாங்கியில் 150 லீற்றர் தண்ணீர். நான்கு பேருக்கு அது ஐந்து நாள் வந்தது. தட்டுகளைக் காகிதத்தால் துடைத்து, தெளிப்புப் போத்தலால் இரண்டு தடவை தெளித்துக் கழுவினோம். இந்தப் பழக்கத்தை நான் இங்கும் விடவில்லை.

குவார்ட்ஸைட் மயானத்தில் ஒரு சமாதி இருக்கிறது. கற்களால் கட்டிய கூர்நுனிக் கோபுரம், உச்சியில் செம்பில் செய்த ஓர் ஒட்டகம். 1856இல் அமெரிக்க இராணுவம் ஒட்டகங்களைக் கப்பலில் இறக்கியபோது அவற்றை நடத்தக் கூட்டிவந்த ஹாஜி அலி என்பவருடையது. ஒட்டக வேலை கைவிடப்பட்ட பிறகும் அவர் அந்த நாட்டிலேயே இருந்து 1902இல் இறந்தார். என் பாட்டனாரின் தகப்பனார் தோட்ட வேலைக்காகக் கடல் தாண்டி மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்து வந்தவர். அவருக்குக் கல் எதுவும் கிடையாது. அந்தச் சமாதியின் முன் நான் வெகுநேரம் நின்றேன்.

இங்கே யாரைக் கேட்பது

மலைநாட்டில் “சும்மா கிடக்கும் நிலம்” என்று ஒன்று இல்லை. அப்படித் தெரிகிற எல்லாவற்றுக்கும் ஒரு பொறுப்பாளர் இருக்கிறார். ஹோட்டன் சமவெளி தேசியப் பூங்கா; வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி எடுத்து, அவர்கள் காட்டும் இடத்தில் மட்டுமே இரவு தங்கலாம். நக்கிள்ஸ் காட்டுக்கு வனத் திணைக்களத்தைக் கேட்க வேண்டும். பெரிய தேயிலைத் தோட்டங்களில் பெரும்பாலானவற்றின் நிலம் அரசுடையது. 1992 முதல் தனியார் கம்பனிகளின் நிர்வாகத்தில் இருக்கிறது. தோட்டத்துக்குள் போகும் ரோட்டில் பஸ் ஓடுகிறது என்பதால், அந்த ரோட்டோரம் உங்கள் படுக்கை அறை ஆகிவிடாது. காசல்ரீ, மவுசாக்கலை போன்ற நீர்த்தேக்கக் கரைகளும் அப்படித்தான்.

இதை நான் நேரடியாகவே கற்றேன். ஊர் திரும்பிய முதல் வருடம், மானாப்புல் வளர்ந்த ஒரு மேட்டில் கேட்காமல் நிறுத்திப் படுத்தேன். இரவு பதினொரு மணிக்குக் காவற்காரர் டோர்ச் அடித்துக்கொண்டு வந்தார். அறுபதைத் தாண்டியவர், தோளில் நனைந்த கம்பளி. என்னைத் திட்டவில்லை. “தம்பி, விடிந்ததும் துரை கேட்டால் நான்தான் பதில் சொல்ல வேண்டும்” என்றார். அந்த ஒரு வார்த்தையோடு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனேன். என் இலவச இரவின் விலையை அவர் கட்டப் பார்த்தார் என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

ஆகவே, பிற்பகல் மூன்று மணிக்கு முன்பே போய்க் கேளுங்கள். அதற்குப் பிறகு கொழுந்து நிறுக்கும் நேரம் வந்துவிடும். உங்களோடு பேச யாருக்கும் ஓய்வு இருக்காது. முதலில் காவற்காரரையோ தோட்டத் தலைவரையோ பாருங்கள். அவர்களே காரியாலயத்துக்கு அழைத்துப் போவார்கள். உங்கள் பெயர், வண்டி இலக்கம், எத்தனை பேர், எத்தனை இரவு என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். நெருப்பு மூட்டமாட்டோம், குப்பையும் கழிவும் எங்களோடு வந்துவிடும் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். என் அனுபவத்தில் பத்தில் ஏழு தடவை அனுமதி கிடைத்தது. மறுத்த மூன்று தடவையும் காரணம் நியாயமானதாகவே இருந்தது: மருந்தடிக்கும் நாள், குளவிக் கூடு, சிறுத்தை நடமாட்டம்.

தோட்டத்தை விட எனக்குப் பிடித்த இடம் கோயில் முற்றம். கமிட்டியில் ஒருவரைக் கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். தரை சமமாக இருக்கும், பக்கத்தில் பீலி (ஊற்று நீர் வந்து விழும் இடம்) இருக்கும். உண்டியலில் உங்களால் முடிந்ததைப் போடுங்கள். வெலிமடைப் பக்கம் மரக்கறித் தோட்டக்காரர்களும் நல்லவர்கள். இரண்டு கிலோ கரட் வாங்கிவிட்டு, அரைகுறைச் சிங்களத்தில் கேட்டபோதும் மறுத்ததில்லை.

ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம். லயத்தை விட்டு வெளியேறி ஒரு வீடு கட்டிக்கொள்ள ஒரு துண்டுக் காணிக்காக இன்னும் காத்திருக்கும் குடும்பங்களின் கண்ணெதிரே நாம் பொழுதுபோக்குக்காகத் தங்குகிறோம். நாற்காலி, மேசை, வண்ண விளக்கு எல்லாவற்றையும் வெளியே பரப்பி அவர்கள் வாசலை மறைக்காதீர்கள். கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் முன்னாலும் பெண்கள் மலைக்கு ஏறும் ஒற்றையடிப் பாதையிலும் நிறுத்தவே கூடாது.

வெயில் இருக்கும் பக்கம் போவது

பாலைவனத்தில் வண்டியின் கூரையில் 200 வாட் சூரியத் தகடு இருந்தது. ஜனவரியிலும் தேவைக்கு மேலாகவே மின்சாரம் கிடைத்தது. அதே அளவு தகட்டை என் வேனில் பொருத்தி, ஆடி மாதத்தில் அட்டனில் மூன்று நாள் நின்றேன். நாளுக்கு 120 வாட் மணிதான் கிடைத்தது (ஒரு வாட் கருவி ஒரு மணி நேரத்தில் எடுக்கும் மின்சாரம் ஒரு வாட் மணி). மூன்றாம் இரவு விளக்கும் அணைந்தது.

பிறகுதான் அம்மா சொல்வது நினைவுக்கு வந்தது. எங்கள் பக்கத்துத் தேயிலைக்கு மணம் ஏறுவது தை, மாசி, பங்குனியில். மலையின் கிழக்குப் பக்கமான ஊவாவின் தேயிலைக்கு ஆடி, ஆவணியில். தேயிலைக்கு மணம் வருவதே மழை நின்று காய்ந்த காற்றும் வெயிலும் படும்போதுதான். தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை அட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைச் சரிவுகளை நனைக்கிறது. அந்த மாதங்களில் மலையின் மறுபுறமான பண்டாரவளையும் பதுளையும் காய்கின்றன. மார்கழியில் வடகீழ்ப் பருவமழை ஊவாவை நனைத்துவிட்டு ஓயும்போது, நம் பக்கம் வானம் திறக்கிறது. எனவே தேயிலை மணக்கும் பக்கமே போங்கள்: ஜனவரி முதல் மார்ச் வரை டிக்கோயா, தலவாக்கலை, திம்புள்ளைப் பக்கம், ஜூலை முதல் செப்டெம்பர் வரை பண்டாரவளை, அப்புத்தளை, வெலிமடைப் பக்கம். சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகலில் இடிமழை வரும். தங்குவதானால் ஒரே ஒரு இரவு போதும்.

மின்சாரத்துக்கு இப்போது என் கணக்கு மிகச் சிறியது. ஐந்து வாட் விளக்கு இரண்டு, நான்கு மணி நேரம், கைத்தொலைபேசிகள் இரண்டு, ஈரக்காற்றை வெளியே தள்ளும் சிறிய மின்விசிறி ஒன்று. எல்லாம் சேர்ந்தால் ஓர் இரவுக்கு 110 வாட் மணி. 12 வோல்ட், 100 அம்பியர் மணி பெட்டரியில் 1,200 வாட் மணி இருக்கிறது என்று எழுதியிருப்பார்கள். சாதாரண ஈய பெட்டரியானால் அதில் பாதிக்கு மேல் எடுக்காதீர்கள். எடுத்தால் ஒரு வருடத்தில் செத்துப்போகும். லித்தியம் இரும்புப் பொஸ்பேட் வகையானால் தாராளமாக எடுக்கலாம். ஆனால் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே இருக்கும்போது அதைச் சார்ஜ் செய்யக் கூடாது. நுவரெலியாவில் தை மாத விடியலில் புல்லின் மேல் உறைபனி படிவதைப் பார்த்தவர்களுக்கு இது வெறும் எச்சரிக்கை அல்ல. பெட்டரியை வண்டிக்குள், கட்டிலுக்கு அடியில் வையுங்கள்.

வெயிலை மட்டும் நம்பாதீர்கள். எஞ்சின் ஓடும்போதே இரண்டாம் பெட்டரியைச் சார்ஜ் செய்யும் 20 அம்பியர் கருவி ஒன்றைப் பொருத்தியிருக்கிறேன். நாவலப்பிட்டியிலிருந்து அட்டன் ஏறி முடிக்கும்போது இரண்டு இரவுக்கான மின்சாரம் உள்ளே வந்துவிடும். பெட்டரியிலிருந்து வரும் கம்பியில், பெட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள், பியூஸ் போட மறக்கவேண்டாம். மின்கேத்தலைக் கொண்டுபோகவே வேண்டாம். கட்டில், பெட்டி எல்லாவற்றையும் கழற்றி எடுக்கும்படி செய்யுங்கள். வண்டியின் உடலை வெட்டி மாற்றுவதானால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் ஒப்புதல் வேண்டும்.

நிறுத்தும் இடம்

இந்தப் பகுதியை அவசரமாகப் படிக்காதீர்கள். பாலைவனத்தின் வறண்ட ஓடை இங்கே மண்சரிவாக மாறுகிறது. 2014 ஒக்டோபர் 29 அன்று காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி மலைநாடெங்கும் செய்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். நிலத்தை அறிந்த மக்களுக்கே அப்படி நேர்ந்தது. ஓர் இரவு விருந்தாளியாக வருபவருக்கு அந்த நிலத்தைப் பற்றி எதுவும் தெரியாது.

மண்ணை வெட்டி இறக்கிய கரையின் அடியில் நிறுத்தாதீர்கள். அதன் விளிம்பிலும் வேண்டாம். கானின் (வடிகாலின்) ஓரம், ஓடை ரோட்டைக் கடக்கும் வளைவு இரண்டையும் தவிர்த்து, மலை முதுகின் அகன்ற சமதரையைத் தேடுங்கள். நிறுத்தும் முன் சுற்றி நடந்து பாருங்கள். மரங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கின்றனவா, தரையில் புது வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். தெளிவாக வந்த பீலித் தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, ஓடிக்கொண்டிருந்த ஊற்று சட்டென்று நின்றாலோ அங்கே ஒரு நிமிடமும் இருக்காதீர்கள். லயத்தில் இருப்பவர்களுக்கும் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று பிரதேசவாரியாக மண்சரிவு எச்சரிக்கை விடுகிறது. மஞ்சள் வந்தாலே நான் பயணத்தை ரத்துச் செய்துவிடுகிறேன். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தைக் கைத்தொலைபேசியில் போட்டு வையுங்கள். சில பள்ளத்தாக்குகளில் சிக்னலே கிடைக்காது; அதனால் கிளம்புவதற்கு முன்பே எச்சரிக்கையைப் பார்த்துவிடுங்கள்.

வண்டியின் முகம் ரோட்டைப் பார்த்து இருக்கட்டும். கியரில் போட்டு, கைபிரேக் இழுத்து, இரண்டு சக்கரங்களுக்குக் கல் வையுங்கள். ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி வண்டியின் தரையில் வைத்தால் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியும். உயர்ந்த பக்கம் தலை வைத்துப் படுங்கள்.

ஈரம், நெருப்பு, தண்ணீர்

பாலைவனத்தில் துவாலை அரை மணி நேரத்தில் காய்ந்தது. இங்கே முதல் விடியலில் கூரையின் உட்புறத்திலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் விழுந்தது. ஓர் ஆள் தூங்கும்போது விடும் மூச்சிலேயே ஒரு கோப்பைத் தண்ணீர் இருக்கிறது. எவ்வளவு குளிரானாலும் எதிரெதிரான இரண்டு ஜன்னல்களை ஒரு விரல் அகலம் திறந்து வையுங்கள். மெத்தைக்கு அடியில் பலகையை முழுதாகப் பரப்பாமல், இடைவெளி விட்டுச் சட்டம் அடியுங்கள். பஞ்சு மெத்தை வேண்டாம். நனைந்த சட்டையையும் குடையையும் உள்ளே கொண்டுவரவே கூடாது. பின் கதவில் ஒரு படங்கைக் கட்டி, அதன் கீழே அவற்றைத் தொங்கவிடுங்கள். எழுவர் படுத்த காம்பராவை அம்மா ஈரம் ஏறாமல் வைத்திருந்தது இப்படித்தான்.

குளிருக்காகக் கரிச்சட்டியை வண்டிக்குள் வைக்கவே வேண்டாம். கரி எரியும்போது வரும் காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, தூங்கியவர் எழமாட்டார். எங்கள் லயத்தில் ஒரு மார்கழி இரவு அடுத்த காம்பராவில் இருவரை அப்படித் தூக்கி வெளியே போட்டார்கள். கடவுள் புண்ணியத்தில் பிழைத்தார்கள். கேஸ் அடுப்பும் அதே ஆபத்துத்தான். 2.3 கிலோ சிலிண்டரும் ஒரு ஒற்றை அடுப்பும் எனக்குப் போதும். சமையல் எப்போதும் படங்கின் கீழே, வெளியில். ஊவாவின் புல்வெளிகளில் காய்ந்த மாதங்களில் விறகு நெருப்பை நினைக்கவே கூடாது. ஒரு பொறி போதும், மலை முழுவதும் எரியும். குளிருக்குச் சுடுதண்ணீர்ப் போத்தல் ஒன்றைத் துணியில் சுற்றிக் காலடியில் வைத்தால் அதிகாலை வரை சூடு நிற்கும்.

தண்ணீர் எங்கும் ஓடுகிறது என்பதால் எல்லாமே குடிக்கும் தண்ணீர் அல்ல. தேயிலை மலைக்குக் கீழே வரும் ஓடையில் களைக்கொல்லியும் உரமும் கலந்திருக்கலாம். கொதிக்கவைத்தாலும் அவை போகாது. லயத்து மக்கள் குடிக்கும் பீலி எது என்று கேளுங்கள். அவர்கள் குடங்களை நிரப்பி முடித்த பிறகு நீங்கள் நிரப்புங்கள். அதையும் கொதிக்கவைத்தே குடியுங்கள். உயரம் ஏற ஏறத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். நுவரெலியாவில் அது 94 பாகை அளவு. ஆதலால் கொதி வந்தபின் மூன்று நிமிடம் விடுவது என் வழக்கம். பீலிக்கரையில் சவர்க்காரம் போட்டுப் பாத்திரம் கழுவாதீர்கள்.

கழிவைப் பாலைவனத்தில் நீர்நிலைக்கு 200 அடிக்கு அப்பால், ஒரு சாண் ஆழத்தில் புதைக்க அனுமதிக்கும் இடங்கள் உண்டு. இங்கே அது கூடாது. பெண்கள் கொழுந்து பறிக்க நடக்கும் மண் அது. மழை பெய்தால் எல்லாம் கானுக்கும் பீலிக்கும் வந்துவிடும். மூடி உள்ள வாளி ஒன்று, தச்சுப்பட்டறையில் இலவசமாகக் கிடைக்கும் மரத்தூள் ஒரு பை. ஒவ்வொரு தடவையும் இரண்டு கை மரத்தூள் போட்டால் நாற்றம் இருக்காது. வீடு திரும்பியதும் கழிவுக் குழியில் கொட்டிவிடுங்கள். அதைவிட நல்லது, தங்கும் இடத்தில் கழிவறை இருக்கிறதா என்று முதலிலேயே கேட்பது.

மிச்சச் சோற்றை வெளியே கொட்டாதீர்கள். அதைத் தேடிக் காட்டுப்பன்றியும் நாயும் வரும். நாயைத் தேடிச் சிறுத்தை வரும். அட்டைக்கு உப்பு ஒரு சிறு துணியில் கட்டிக் கதவருகே தொங்கவிடுங்கள்.

காலையில் கிளம்பும்போது கல்லை எடுத்த இடத்திலேயே வையுங்கள், சக்கரத் தடத்தைக் காலால் நிரவிவிடுங்கள். அனுமதி தந்தவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். என்னை எழுப்பிய அந்தக் காவற்காரரின் தோட்டத்தில் பிறகு இரண்டு தடவை, முறையாகக் கேட்டுத் தங்கினேன். இரண்டாம் தடவை, அவரைக் காணாமல் விடியற்காலையிலேயே கிளம்பிவிட்டேன். ஏழு மணிக்கு எனக்கு அழைப்பு வந்தது. அவர் ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு அந்த மேட்டுக்கு ஏறிப் போயிருந்தார்.